கட்டைக்காகப் பிறந்த கல்

கையும் கருவியும் – 11

போன வாரம் கல்லைத் தட்டிச் சில்லெடுக்கும் வித்தையைப் பார்த்தோம். சில்லு கைக்கு வந்தாயிற்று. அதை வைத்துக்கொண்டு கற்கால மனிதர் என்ன செய்தார்?

வேட்டையாடினார், தோலுரித்தார், கறி அறுத்தார் என்பதுதான் யாரைக் கேட்டாலும் வருகிற பதில். பாடப்புத்தகப் படங்களும் அப்படித்தான் இருக்கின்றன. இடுப்பில் தோலைச் சுற்றிய ஒருவர் கல்லை ஓங்கியபடி விலங்கின் பின்னால் ஓடுவார். மர நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கட்டையைச் சீவிக்கொண்டிருக்கும் ஆளை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. ஆனால் கல்லை அன்றாடம் புழங்கிய மக்களோடு போய் இருந்து பார்த்தவர்களின் குறிப்புகளைப் படித்தால், அவர்கள் கண்ணில் அதிகம் பட்டவர் அந்த ஆள்தான்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்துக்குப் போவோம். வார்பர்ட்டன் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள பகுதியில் 1966–67இல் ரிச்சர்ட் கோல்ட் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் தம் மனைவியோடு தங்கி, ஙாட்டஜாரா மக்களின் வாழ்க்கையைக் கவனித்தார். அவருடைய நோக்கம் விநோதமானது. மண்ணைத் தோண்டிக் கல்லைப் பார்த்து மனிதரை ஊகிப்பதுதான் தொல்லியலாளர் தொழில். இவர் முதலில் மனிதரைப் பார்த்துவிட்டுப் பிறகு மண்ணைத் தோண்டலாம் என்று நினைத்தார். 1969இல் வந்த ‘யிவாரா’ என்ற அவருடைய நூலும், தொடர்ந்து வந்த கட்டுரைகளும் கல் கருவியைப் பற்றிய பல நம்பிக்கைகளைக் கலைத்துப் போட்டன.

அந்த மக்கள் கங்காருவைத் தோலுரிப்பதில்லை. வயிற்றில் சின்னதாக ஒரு கீறல் போட்டுக் குடலை எடுத்துவிட்டு, ரோமத்தைத் தீயில் பொசுக்கி, குழியில் தணலுக்கும் சாம்பலுக்கும் நடுவே முழுசாகப் போட்டுச் சுடுவார்கள். தோலாடை உடுத்தும் வழக்கம் அந்தப் பாலையில் இல்லை. ஆக, தோலைச் சுரண்டவும் பதப்படுத்தவும் கல் தேவைப்படவில்லை. கறியைக் கூறுபோட ஒரு கூரான சில்லு இருந்தால் போதும். வேலை முடிந்ததும் அதைப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம். மற்றபடி கல் போய்ச் சேர்ந்த இடம் மரம். ஈட்டி, ஈட்டியை வீசும் எறிகோல், தடி, கேடயம், பெண்கள் கிழங்கு அகழும் கோல், தண்ணீரும் விதையும் குழந்தையும் சுமக்கும் தோணி போன்ற மரத்தட்டு என்று வாழ்க்கையை நடத்தியதெல்லாம் மரப் பொருள்கள். அவற்றைச் செய்யக் கல்.

மரம் என்றால் சாதாரண மரமா? முல்கா என்று ஒரு வேலம். நம் கருவேலத்துக்குத் தூரத்து உறவு. நன்றாகக் காய்ந்த பிறகும் ஒரு கன மீட்டர் கட்டை ஏறக்குறைய 1,100 கிலோ இருக்கும். அதாவது தண்ணீரில் போட்டால் மூழ்கும். வைரம் பாய்ந்த கருவேலங்கட்டையில் உளி வைத்துப் பார்த்தவர்களுக்கு அது என்ன பாடுபடுத்தும் என்று தெரியும். இந்தக் கட்டையை இரும்பே அறியாத கைகள் இழைத்து, இலை வடிவத்தில், நடுவில் பள்ளம் விழுந்த மெல்லிய எறிகோலாக ஆக்கின.

முதலில் மரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். வேண்டிய வளைவும் நேரும் உள்ள முல்கா அகப்பட்டதும், பக்கத்தில் கிடக்கும் கனமான கல் ஒன்றை எடுத்துக் கையில் பிடித்தபடியே அடிமரத்தில் மேலும் கீழும் வெட்டுப் போடுவார்கள். வெட்டுகளுக்கு நடுவே மரஆப்பு அடித்து இறக்கினால் பலகை போல ஒரு பாளம் பிளந்து வந்துவிடும். மரத்தைச் சாய்ப்பதில்லை. பாளம் போன தழும்போடு அது தொடர்ந்து நின்று வளரும். வெட்டிய கல்லை அந்த மரத்தடியிலேயே போட்டுவிட்டுப் பாளத்தை மட்டும் தூக்கிக்கொண்டு முகாமுக்குத் திரும்புவார்கள். பல நூறு வருடம் கழித்து அங்கே வருகிற ஆய்வாளருக்கு, தனியாகக் கிடக்கும் அந்த முரட்டுக் கல்லுக்கும் ஒரு காலத்தில் அதன் மேல் நிழல் விழுத்திய மரத்துக்கும் என்ன தொடர்பு என்று தெரிய வழியில்லை; மரம் அதற்குள் செத்து மக்கியிருக்கும்.

நுணுக்கமான வேலை முகாமில்தான். அங்கேதான் நம் கதாநாயகன் வருகிறான். ஆங்கில ஆய்வு நூல்கள் இவனை ‘டூலா’ என்கின்றன. தென் ஆஸ்திரேலியாவில் அயர் ஏரிக்குக் கிழக்கே, பர்ட்ஸ்வில் பாதையிலுள்ள முங்கரானியில் காவலராக இருந்த ஜார்ஜ் ஐஸ்டன், வங்கங்குரு மக்களிடம் கேட்டு எழுதிவைத்த பெயர் இது. ஜி. ஹார்ன் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் 1924இல் வந்தது. நூலின் தலைப்பில் ‘காட்டுமிராண்டி’ என்ற பொருள்படும் சொல் இருக்கிறது. அந்தக் காலத்து வெள்ளையரின் திமிர் தலைப்பில் மட்டுமல்ல, உள்ளேயும் ஆங்காங்கே தெரியும். ஆனாலும் ஒரு கருவியை எப்படிப் பிடித்தார்கள், எப்படி ஒட்டினார்கள் என்று பொறுமையாகப் பார்த்து எழுதிய வகையில் ஐஸ்டனுக்கு ஒரு தனி இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

டூலா என்பது ஒரு சில்லு. கருக்கல்லைத் தட்டும்போது அடி விழுந்த இடத்தில் தட்டையான ஒரு மேடையும், அதன் கீழே புடைப்பும் உண்டாகும் என்று போன வாரம் சொன்னேன். டூலாவில் அந்த மேடை நல்ல அகலம், புடைப்பு நல்ல பருமன். மேடைக்கு எதிர்ப்பக்க விளிம்பு அரைவட்டமாக வெளியே வளைந்திருக்கும். அதுதான் வாய். கறி அறுக்கிற சில்லைப் போல மெல்லிய கூர் இதற்குக் கிடையாது. தடித்த, செங்குத்துக்குக் கொஞ்சம் நெருங்கிய விளிம்பு. மெல்லிய கூரை முல்காவில் வைத்தால் இரண்டு இழுப்பில் பொரிந்து போகும். தடித்த விளிம்பு மரத்தின் எதிர்ப்பைத் தாங்கும். வாய் வளைந்திருப்பதால் ஒரு நேரத்தில் அதன் ஒரு பகுதி மட்டுமே மரத்தைக் கவ்வும், மூலைகள் உள்ளே புதைந்து கிழிக்காது. நம் தச்சரின் வாய்ச்சியிலும் வளைந்த வாய் வைப்பது இதற்காகத்தான்.

கல்லைப் பிடியில் ஒட்டுவதற்கு ஸ்பினிஃபெக்ஸ் என்ற முள்புல்லின் பிசின். பாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை குத்துக்குத்தாக நிற்கிற புல் அது. அத்தனை வகையும் பிசின் தராது. பிசின் உள்ள வகையை வெட்டி வந்து, கெட்டித் தரையில் போட்டு அடித்து, மரத்தட்டில் இட்டுப் புடைத்தால் தூசும் தாளும் பறந்து பிசின்பொடி தனியே நிற்கும். பொடியைத் தணலில் சூடாக்கிப் பிசைந்து பிசைந்து கறுப்பு உருண்டையாகத் திரட்டுவார்கள். சூட்டில் இளகும், ஆறினால் கல்லாக இறுகும். உருண்டையைப் பிடியின் நுனியில் வைத்துச் சில்லின் மேடைப் பக்கத்தை உள்ளே அழுத்தி, வாய் மட்டும் வெளியே தெரியும்படி பூசிவிட்டால் வாய்ச்சி தயார். இதே பிசின் தூர தேசங்களுக்குப் பண்டமாற்றாகவும் போனது.

அயர் ஏரிப் பக்கத்தில் பிடி என்பது தனியான, சற்றே வளைந்த ஒரு கட்டை. சிலவற்றில் இரண்டு முனையிலும் கல் இருக்கும். மேற்குப் பாலையில் இன்னும் சிக்கனம்: ஈட்டி எறிகோலின் கைப்பிடி முனையிலேயே பிசின் வைத்துக் கல்லைப் பதித்துவிடுவார்கள். பிசின் உருண்டை கைக்குப் பிடிமானம், கல் வாய்ச்சி. எறிகோலின் மறுமுனையில் ஈட்டியின் அடியைத் தாங்கும் சிறு கொக்கி. எறிகோலின் ஓரத்தைப் பிளந்த கட்டையில் வைத்து இழுத்துத் தேய்த்துத் தீ உண்டாக்கலாம். நடுப்பள்ளத்தில் காவி குழைக்கலாம். நாளெல்லாம் நடக்கிற மனிதர் ஒரே பொருளில் இத்தனையையும் ஏற்றி வைத்திருந்தார்.

இதோடு முடிந்தால்கூடச் சரி. டொனால்ட் தாம்சன் என்ற ஆஸ்திரேலிய மானுடவியலாளர் 1957இல் பிந்திபு மக்களிடையே போயிருந்தபோது, லப்பி-லப்பி என்ற நீர்நிலையருகே முதியவர்கள் சுற்றுவட்டாரத்து நீர்நிலைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். கடைசியில் ஓர் எறிகோலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதன் முதுகில் வளையங்களும் சுருள்களும் ஆழமாகச் செதுக்கியிருந்தன. அவர்கள் சொன்ன நீர்நிலைகள்தான் அவை. தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதை மறந்தால் சாவு என்கிற நாட்டில் அந்தக் கட்டை ஒரு வரைபடமாகவும் இருந்தது. கட்டையை மரமாகப் பார்க்கும் நமக்கு, அதைச் செதுக்கிய கல்லைவிடக் கட்டை எவ்வளவு மேலான பொருள் என்பது இங்கே புரியும். (இந்தச் சித்திரிப்பு வேலைக்குக் கல்லைத் தவிர போசம் என்ற சிறு விலங்கின் கீழ்வாய்ப் பல்லும் உண்டு. தாடையோடு எடுத்துப் பிடியில் கட்டினால் அது ஓர் எழுத்தாணி.)

வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். தரையில் உட்கார்ந்து, பாளத்தைக் காலால் அமுக்கிக்கொண்டு, பிடியை இரண்டு கையாலும் பற்றி, தன்னை நோக்கியே இழுக்கிறார்கள். ஆரம்பத்தில் லேசாகக் கொத்தி இழுப்பது, வடிவம் வந்தபின் வழித்து இழுப்பது. சுருள்சுருளாகச் சீவல் விழும். ஈட்டித்தண்டைப் போல உருண்டையாக வேண்டியவற்றுக்கு வேறொரு சில்லு: விளிம்பில் பிறை போலக் குழிவு உள்ளது. குழிவில் தண்டை வைத்து நீள வழித்தால் மேடு தட்டிப்போய் உருண்டை கிடைக்கும். கைக்கோடாரிக் காம்பு உருட்டுகிறவர்கள் உடைந்த கண்ணாடிச் சில்லால் கடைசி வழிப்பு வழிப்பதை இங்கே கிராமங்களில் பார்த்திருப்பீர்கள். உப்புத்தாள் வந்தபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை; வேலைக்கு அது நல்லது என்பதுதான் காரணம்.

இப்படி இழுக்க இழுக்கக் கல்லின் வாய் மழுங்கும். உடனே பிடியிலிருந்து கழற்றுவதில்லை. அப்படியே வைத்துக்கொண்டு விளிம்பைத் தட்டி, பொடிப்பொடியாகச் செதில் உதிர்த்துப் புதுக்கூர் எடுப்பார்கள். தட்டத் தட்ட வாய் பின்னால் நகர்ந்து, கடைசியில் மேடையை ஒட்டிய ஒல்லியான ஒரு துண்டு மட்டும் மிஞ்சும். இனி இதில் ஒன்றும் எடுக்க முடியாது என்ற நிலையில் பிசினைச் சூடுகாட்டி இளக்கி, துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுச் சில்லு. நிலத்தில் கிடைப்பது பெரும்பாலும் இந்த எறிந்த துண்டுதான். தேய்ந்த டூலாவைப் பழகிய கண் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். பழகாத கண்ணுக்கு அது வேறு ஏதோ ஒரு கருவி. நெடுங்காலம் அருங்காட்சியகங்களில் புது டூலாவும் தேய்ந்த டூலாவும் தனித்தனி வகைகளாகப் பெயர் பெற்று உட்கார்ந்திருந்ததில் ஆச்சரியம் இல்லை.

லாரன்ஸ் கீலி என்ற அமெரிக்கர் 1982இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த இடத்தில் முக்கியம். கல்லைச் செய்ய ஆகிற நேரத்தைவிட அதை மாட்டுகிற பிடியைச் செய்ய ஆகிற நேரம் பல மடங்கு அதிகம் என்றார் அவர். ஒரு நல்ல சில்லைத் தட்டி எடுக்கச் சில நிமிடம். பிடிக்கு மரம் தேட வேண்டும், பிளக்க வேண்டும், காயவிட வேண்டும், இழைக்க வேண்டும், பிசின் வேண்டும். ஆகவே பிடியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கல்லை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்படியானால் தொல்லியலாளர் கண்டெடுக்கும் கல், அது உழைத்த இடத்தைக் காட்டாது. பழசைக் கழற்றிப் புதுசை மாட்டிய இடத்தைத்தான் காட்டும். காட்டில் தேய்ந்த கல் முகாமில் கிடக்கும். சின்ன விஷயம் போலத் தோன்றினாலும், அகழாய்வுக் குழியில் கருவிகளை எண்ணி ‘இங்கே இந்த வேலை நடந்தது’ என்று சொல்லிவந்த பழக்கத்தையே இது அசைத்துவிட்டது.

இன்னொரு பழக்கமும் அசைந்தது. தொல்லியலாளருக்குக் கல்லின் வடிவம் உயிர். நீளம், அகலம், வளைவு, கூர் என்று அளந்து வகை பிரித்து, வகையை வைத்துப் பண்பாடு பிரிப்பார்கள். தொல்லியலாளர் பிரையன் ஹேடன் 1970களில் ஆஸ்திரேலியப் பாலையின் முதியவர்களிடம், பழைய முறைப்படி மரப் பொருள்களைக் கல்லால் செய்துகாட்டச் சொல்லிக் கவனித்தார். அவர்களுக்குக் கல்லின் வடிவத்தில் பெரிய அக்கறை இல்லை என்பது அவருக்கே அதிர்ச்சி. தட்டும்போது விழுந்தவற்றில் வாய் நன்றாக அமைந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்து, திருத்தாமலே வேலையைத் தொடங்கினார்கள். கண் எப்போதும் கட்டையின் மேல் இருந்தது. 1979இல் வந்த அவருடைய நூல் இதைத்தான் பேசுகிறது.

நியூகினி மேட்டுநிலத்தில் தொல்லியலாளர் பீட்டர் ஒயிட் 1960களில் பார்த்ததும் இதையே. அங்கே கோடாரித் தலையை உரைத்து வழவழப்பாக்கும் கலை உச்சத்தில் இருந்தது. அதை வைத்து மணப்பரிசமே நடந்தது. ஆனால் வில்லையும் அம்பின் முள்முனையையும் கருவிப் பிடிகளையும் சீவச் சாதாரணச் சில்லு போதும். சில்லடித்துக் காட்டிய ஆண்கள் தேடியது ஒரு நல்ல விளிம்பை மட்டும். பின்னர் அங்குள்ள டூனா மக்களிடம் கேட்டபோது அவர்கள் தந்த பாகுபாடும் இரண்டே: கையால் பிடிப்பது ‘அரே’, பிடியில் கட்டுவது ‘அரே கோ’. ஆய்வாளர்களின் பதினைந்து இருபது வகைகளோடு இதை ஒப்பிட்டால் சிரிப்பு வரும். எனக்கு அந்த ஆண்களின் பக்கம்தான் சாய்வு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டூலா இந்த அலட்சியத்துக்கு விலக்கு. அதன் அகன்ற மேடை, புடைப்பு, வளைந்த வாய் எல்லாம் தற்செயலாக வந்துவிடாது. திட்டமிட்டுத் தட்டினால்தான் விழும். கடினமான மரமும் பிசின் பிடிப்பும் சேர்ந்து அந்த வடிவத்தைக் கேட்டு வாங்கியிருக்கின்றன. டாஸ்மேனியத் தீவிலோ கல்லைப் பிடியில் மாட்டும் வழக்கமே இல்லை. அங்கே ஈட்டிகளைக் கையில் பிடித்த சில்லாலேயே வழித்து முடித்தார்கள்.

டூலா ஆஸ்திரேலியாவில் ஆதியிலிருந்தே இருந்ததல்ல. அந்தக் கண்டத்தில் மனிதர் வாழ்ந்த காலம் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல். டூலா பரவியதோ சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன்தான் என்று பீட்டர் வெத், பீட்டர் ஹிஸ்காக், ஆலன் வில்லியம்ஸ் மூவரும் 2011இல் எழுதினார்கள். எல் நினோ வலுத்து வறட்சி கடுமையான காலத்தோடு அதை முடிச்சுப் போட்டார்கள். மழை பொய்க்கும் நாட்டில் நீண்ட தூரம் நடக்க வேண்டும், நடக்கையில் கருவி உடைந்துபோகக் கூடாது, எங்கே எந்தக் கட்டை கிடைத்தாலும் அங்கேயே வேலை செய்ய முடிய வேண்டும். தேய்ந்தால் தட்டிக்கொள்ளும் கல், சூடுகாட்டினால் இளகும் பிசின், கையோடு வரும் பிடி: இந்தக் கூட்டு அதற்குப் பொருந்துகிறது. காலப் பொருத்தத்தை மட்டும் வைத்துக் காரணம் சொல்வதில் எப்போதும் ஒரு வழுக்கல் உண்டு. எனினும் கடினமான கட்டையில் வேலை செய்யத் தோதான கருவி வறண்ட நிலம் முழுக்கப் பரவி நின்றது என்பது வரைபடத்தில் தெளிவாகவே தெரிகிறது.

கல்லுக்காக அவர்கள் எவ்வளவு மெனக்கெட்டார்கள் என்பதில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. தம் மூதாதை ஆவிகள் நடமாடிய தலத்தின் அருகே கிடைக்கும் கல்லை, அது தூரமாக இருந்தாலும், அந்தத் தலத்தோடு உறவுள்ளவர்கள் விரும்பித் தேடினார்கள் என்றார் கோல்ட். தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்ட் இதை ஏற்கவில்லை. அவர் 1974இல் மத்திய ஆஸ்திரேலியாவின் அல்யவாரா ஆண்களோடு கல் எடுக்கும் இடத்துக்குப் போய்வந்தவர். வேறு வேலையாகப் போகிற வழியில் கல்லையும் எடுத்து வருவார்கள், அதற்கென்று தனிப் பயணம் எதற்கு என்பது அவர் கட்சி. 1985இல் ‘அமெரிக்கன் ஆன்டிக்விட்டி’ இதழில் இருவரும் மோதிக்கொண்டார்கள். பின்ஃபோர்ட் தரப்புக் கட்டுரையின் தலைப்பிலேயே கோல்டின் பெயரை வைத்துக் கேலி செய்திருந்தார்கள். ஆய்வாளர்கள் அடித்துக்கொள்ளும்போது தெருச்சண்டைக்குக் குறைவில்லாமல்தான் அடித்துக்கொள்கிறார்கள். கோவிலுக்குப் போகிறவர் வழியில் சந்தையையும் பார்த்துவிட்டு வருவார். சந்தைக்குப் போகிறவர் கோவிலிலும் ஒரு கும்பிடு போடுவார். இதில் எது பயணத்தின் காரணம் என்று கறாராகக் கேட்டால் போகிறவருக்கே சொல்லத் தெரியாது.

இரும்பு வந்ததும் கல் எளிதாக இடம் விட்டது. 1872இல் அடிலெய்டிலிருந்து டார்வின் வரை கண்டத்தின் குறுக்கே தந்திக் கம்பி போட்டு முடித்தார்கள். கம்பத்திலிருந்த பீங்கான் குமிழ்கள் நல்ல கல்லைப் போலவே சில்லு விடும் என்பது மக்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. புட்டிக் கண்ணாடியும் அப்படியே. ஆடு மயிர் கத்தரிக்கும் கத்தி, தேய்ந்த அரம், லாரியின் ஸ்பிரிங் பட்டை எல்லாம் பிசினுக்குள் கல் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தன. பிடியும் மாறவில்லை, உட்காரும் விதமும் மாறவில்லை. கல்லின் மேல் அவர்களுக்குத் தனிப் பாசம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கட்டை வேலை மட்டும் நிற்கவில்லை. உலுரு பாறையருகே 1984இல் தொடங்கிய மாருகு என்ற கைவினைஞர் அமைப்பில் அனங்கு மக்கள் இன்றும் மரத்தட்டும் தடியும் விலங்குருவங்களும் செய்கிறார்கள். கோடாரியால் வெட்டி, அரத்தால் அராவி, காய்ச்சிய கம்பியால் சித்திரம் சுடுகிறார்கள்.

இவ்வளவு இருந்தும் நாம் அந்தக் காலத்தைக் கற்காலம் என்கிறோம். கல் மக்காது, கட்டை மக்கும். இது ஒன்றே காரணம். கட்டை தப்பிப்பிழைத்த சில இடங்களைப் பார்த்தால் காட்சி மாறிவிடும். தென் ஆஸ்திரேலியாவின் வைரி சதுப்பில் 1973இல் ரோஜர் லுபர்ஸ் என்பவர் ஏறக்குறைய 10,000 ஆண்டு பழமையான பூமராங்குகளையும் அகழ்கோலையும் முள்வைத்த ஈட்டித் துண்டையும் எடுத்தார். ஜெர்மனியின் ஷோனிங்கன் நிலக்கரிச் சுரங்கத்தில் 1990களில் ஹார்ட்மூட் டீமே கண்ட ஈட்டிகளுக்கு இரண்டு முதல் மூன்று லட்சம் ஆண்டு வயது சொல்கிறார்கள். பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம். அடிமரத்தின் கெட்டியான பாகம் முனைக்கு வரும்படியும், முனை நடுச்சோற்றில் விழாமல் சற்றே விலகி வரும்படியும் சீவியிருக்கிறார்கள். நம் தச்சர்களும் அதை ஒப்புக்கொள்வார்கள். ஜாம்பியாவின் கலம்போ அருவிக் கரையில் குறுக்காக ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும்படி வெட்டுவாய் எடுத்த இரண்டு கட்டைகளை லாரி பார்ஹாம் குழு 2023இல் உலகுக்கு அறிவித்தது. வயது 4,76,000 ஆண்டு. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றுவதற்கு முன்பே யாரோ கட்டையில் பொருத்துவாய் எடுத்திருக்கிறார்கள்.

கட்டையே கிடைக்காவிட்டாலும் கல்லில் சாட்சி உண்டு. மரம் சீவிய கல்லின் விளிம்பில் ஒருவித மினுக்கு ஏறும்; இறைச்சி அறுத்த மினுக்கு வேறு, புல் அறுத்தது வேறு. சோவியத் ரஷ்யாவின் செர்கெய் செமியோனவ் 1957இல் இந்தத் துறைக்கு அடிக்கல் நாட்டினார். முன்னே சொன்ன கீலி, நிக்கலஸ் டாத்தோடு சேர்ந்து கென்யாவின் கூபி ஃபோராவில் கிடைத்த சில்லுகளை நுண்ணோக்கியில் பார்த்து 1981இல் முடிவு வெளியிட்டார். ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு பழமையான கற்கள். வேலை செய்த தடம் தெரிந்தவை ஒன்பது. நான்கு இறைச்சி அறுத்தவை, இரண்டு புல் போன்ற தாவரம் அறுத்தவை, மூன்று மரத்தில் உழைத்தவை.

இனி ஊருக்கு வருவோம். திருநெல்வேலி, தூத்துக்குடிக் கடலோரத்தில் செம்மணல் தேரிகள் இருக்கின்றன. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிகளில் படிகக் கல்லிலும் செர்ட் என்ற கல்லிலும் செய்த நுண்கற்கருவிகள் கிடைக்கும். ஃப்ரெடரிக் ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் இவற்றை ஆராய்ந்து 1956இல் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் எழுதினார்கள். சுமார் 6,000 ஆண்டு என்று மதிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டே ஆல்ச்சின் எழுதிய கட்டுரை ஆஸ்திரேலியக் கல் கருவிகளைப் பற்றியது. தேரியில் கிடைத்த பொடிக்கற்களை வைத்துக்கொண்டு யோசித்தவருக்கு, இவற்றை இப்போதும் பிடியில் வைத்துப் புழங்குகிறவர்கள் எங்கே என்ற கேள்வி வந்ததில் வியப்பில்லை. 1966இல் வந்த ‘கல்முனை அம்பு’ என்ற அவருடைய நூல் ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா மூன்றையும் ஒரே பார்வையில் வைத்தது. தேரியின் கற்களும் தனியாக உழைத்திருக்க முடியாது. நகம் அளவுள்ள சில்லை விரலால் பிடித்து எவ்வளவு வேலை செய்துவிட முடியும்? தண்டிலோ பிடியிலோ பதித்துத்தான் புழங்கியிருப்பார்கள். அந்தக் கட்டைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தேரிப் பக்கம் போகிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணலில் பளிச்சென்று சில்லு தெரிந்தால் பொறுக்கிச் சட்டைப் பையில் போடாதீர்கள். எந்தக் கல் எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் பாதிச் செய்தி இருக்கிறது. பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கோ அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கோ சொல்லுங்கள். தேய்ந்து கழற்றி எறிந்த துண்டு என்று தோன்றினால் அதை முதலில் சொல்லுங்கள்.

அடுத்த வாரம், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து வில்லியம் மலைக்குப் போகிறோம். அங்கே வெட்டிய பச்சைக்கல் கோடாரிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் பண்டமாற்றாகப் போயின. சுரங்கத்துக்குப் பரம்பரைக் காவலரும் இருந்தார்கள்.

(தொடரும்)